ரூட்டாக நிறுவியும் கோப்புகள் என் பெயரில் இருப்பது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: ஒரு மென்பொருளை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தோடு, மேக் இன்ஸ்டால் ஓட்டியிருக்கிறீர்கள். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடியில் வந்த நிரல்கள் ரூட் பெயரில் இருக்கின்றன. ஆனால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர் அடியில் வந்த ஐகான்களும் ஆவணங்களும் உங்கள் பெயரில் இருக்கின்றன. /ஓப்ட் அடியில் வைத்த இன்னொரு மென்பொருளில் ஓனர் பெயரே இல்லை, 1001 என்று வெறும் எண் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சோன் (ஓனரை மாற்றும் கட்டளை) ஓட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். கோளாறு சின்னதுதான். அதைச் சரிசெய்யப் போய் சிஸ்டத்தையே படுக்க வைத்தவர்கள்தான் அதிகம். முதலில் அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று பார்த்துவிட்டு அப்புறம் கை வைக்கலாம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கோப்பின் மீது பெயர் எதுவும் எழுதியிருப்பதில்லை. ஐநோடில், அதாவது கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவில், ஓனருக்காக இருப்பவை இரண்டு எண்கள், ஒன்று பயனருக்கு, ஒன்று குழுவுக்கு. எல்எஸ் கட்டளை அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் /ஈடிசி/பாஸ்வேர்ட் கோப்பில் தேடி, கிடைத்த பெயரைக் காட்டுகிறது. கிடைக்காவிட்டால் எண்ணை அப்படியே காட்டும். ஆகவே 1001 என்று தெரிவது பிழைச் செய்தி அல்ல, அந்த எண்ணுக்கு உங்கள் கணினியில் ஆள் இல்லை என்பதுதான் பொருள். டெபியன், உபுண்டு வகைகளில் முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. நாளைக்கே உங்கள் தம்பிக்கு ஒரு கணக்கு திறந்து கொடுத்தால் அவருக்கு 1001 போகும். அந்த நொடியிலிருந்து /ஓப்ட் அடியில் இருக்கும் அந்த மென்பொருள் முழுவதும் அவருடையது. அவர் அதில் எதை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், நீங்கள் அதை சூடோ போட்டு ஓட்டினால் அவர் எழுதியது ரூட்டாக ஓடும். இது கதை அல்ல, வீட்டுக் கணினியில் சிரித்துவிட்டுப் போகலாம், பலர் புழங்கும் சர்வரில் முடியாது.

இனி, எண் எப்படி வந்தது? புதிதாக உருவாகும் கோப்பு, அதை உருவாக்கும் புரோசஸ் யாருடையதோ அவருடையதாக ஆகும். இது பொது விதி. மேக் இன்ஸ்டால் ரூட்டாக ஓடினால் எல்லாமே ரூட்டுக்குத்தானே போக வேண்டும்? நியாயமான கேள்வி. ஆனால் மேக் தானாக எதையும் செய்வதில்லை, மேக்ஃபைலில் எழுதியிருக்கும் கட்டளைகளை ஓட்டுகிறது, அவ்வளவுதான். அங்கே இன்ஸ்டால் என்ற கட்டளை இருந்தால் (மேக் இன்ஸ்டால் வேறு, இந்தக் கட்டளை வேறு) அது புதுக் கோப்பை உருவாக்கும், ரூட்டாக ஓடினால் ரூட்டுக்குச் சேரும். உங்கள் பின் டைரக்டரி சரியாக இருப்பது இதனால்தான். நிரல் கோப்புகளுக்கு எல்லோரும் இந்தக் கட்டளையைத்தான் எழுதுவார்கள்.

படங்கள், மொழிபெயர்ப்புகள், ஆவணங்கள் என்று ஒரு மரமே இருந்தால் மேக்ஃபைல் எழுதுபவருக்குக் கை சலித்துவிடும். இன்ஸ்டால் கட்டளை மரத்தை மொத்தமாக நகல் எடுக்காது. உடனே நகல் எடுக்கும் சிபி கட்டளையை வைத்து சிபி -ஏ என்று ஒரு வரி எழுதிவிடுவார். -ஏ என்றால் எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துக்கொள், ஓனர் உட்பட. சாதாரணப் பயனர் அதை ஓட்டினால் ஓனர் பகுதி நடக்காது, ஏனென்றால் லினக்ஸில் ஒரு கோப்பை வேறொருவர் பெயருக்கு மாற்ற ரூட்டுக்குத்தான் அதிகாரம். ரூட்டாக ஓட்டும்போது அந்தத் தடை இல்லை. நீங்கள் ஹோம் டைரக்டரியில் அவிழ்த்ததால் சோர்ஸ் உங்கள் பெயரில் இருந்தது, சிபி -ஏ அந்தப் பெயரை அப்படியே சுமந்துகொண்டு போய் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேரில் இறக்கி வைத்தது. ரூட் அதிகாரம் இருந்ததால்தான் உங்கள் பெயர் அங்கே போக முடிந்தது. சூடோ போட்டும் இப்படி ஆனதே என்று எழுதியிருந்தீர்கள், சூடோ போட்டதால்தான் ஆனது.

1001 வந்த வழி டார், பல கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டி அவிழ்க்கும் கட்டளை. டார் பொதிக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் ஓனரின் பெயர், எண் இரண்டுமே பதிந்திருக்கும். சாதாரணப் பயனர் அவிழ்த்தால் எல்லாம் அவருக்குச் சேரும். ரூட் அவிழ்த்தால், எந்த ஆப்ஷனும் கொடுக்காமலே, உள்ளே எழுதியிருக்கும் ஓனருக்குக் கொடுக்கப் பார்க்கும். முதலில் பெயரைத் தேடும். அதே பெயரில் உங்கள் கணினியில் ஒருவர் இருந்தால் அவருக்கு, இல்லையென்றால் அந்த எண்ணுக்கு. பொதியைக் கட்டியவருடைய கணினியில் அவர் எண் 1001 ஆக இருந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். /ஓப்ட் அடியில் சாதாரணப் பயனருக்கு எழுத முடியாது என்பதால் சூடோ டார் என்று அவிழ்த்திருப்பீர்கள். இணையத்தில் பாதி வழிகாட்டிகள் அப்படித்தான் எழுதுகின்றன, நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். --நோ-சேம்-ஓனர் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் அவிழ்ப்பவர் பெயரிலேயே வந்துவிடும்.

இந்த வகையில் எனக்குப் பிடித்த உதாரணம் ஜிசிசி, சி நிரல்களைக் கம்பைல் செய்யும் மென்பொருள். லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் முறையில் சிஸ்டத்தை அடியிலிருந்து கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஜிசிசியின் சோதனைகளை ரூட்டாக ஓட்டக்கூடாது என்பதால், ரூட் கம்பைல் செய்து முடித்ததும் பில்ட் டைரக்டரியை டெஸ்டர் என்ற தற்காலிகப் பயனர் பெயருக்கு மாற்றச் சொல்வார்கள். அவருடைய எண் 101. சோதனை முடிந்ததும் மறுபடி ரூட்டாக மேக் இன்ஸ்டால். எல்லாம் நல்லபடியாக முடியும். ஆனால் /யூஎஸ்ஆர்/லிப்/ஜிசிசி அடியில், பதிப்பு எண் டைரக்டரிக்குள் போய்ப் பார்த்தால் இன்க்ளூட் என்ற டைரக்டரியும் அதிலுள்ள ஹெடர் கோப்புகளும் டெஸ்டர் பெயரில் கிடக்கும்.

ஜிசிசியின் மேக்ஃபைலைத் திறந்து பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரியும். ஹெடர்களை நிறுவ அவர்கள் இன்ஸ்டால் கட்டளையைப் பயன்படுத்துவதில்லை. ஒரு பக்கம் டார் கட்டுகிறது, பைப் வழியாக இன்னொரு டார் மறுபக்கம் அவிழ்க்கிறது. ஒரு டைரக்டரி மரத்தை அப்படியே இடம் மாற்ற யூனிக்ஸ் ஆட்கள் ரொம்பக் காலமாகக் கையாளும் வழி அது. அவிழ்க்கும் டார் ரூட்டாக ஓடுவதால் மேலே சொன்ன விதி வேலை செய்கிறது: உள்ளே டெஸ்டர் என்று எழுதியிருக்கிறது, டெஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கே கொடுத்துவிடு. அதனால்தான் நிறுவிய கையோடு அந்த ஹெடர் டைரக்டரிகளை ரூட்:ரூட் ஆக்கச் சொல்லி லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் வழிகாட்டியில் ஒரு வரி இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விட்டால், கடைசியில் டெஸ்டர் கணக்கை அழித்த பிறகு அந்த ஹெடர்கள் வெறும் 101 என்ற எண்ணின் சொத்தாக நிற்கும். அது என்ன ஹெடர்? ஸ்டட்டெஃப், ஸ்டட்ஆர்க் மாதிரி ஏறத்தாழ எல்லா சி நிரலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் கோப்புகள். 101 என்ற எண் பின்னால் எவருக்குப் போகிறதோ அவர், அந்தக் கணினியில் இனி கம்பைல் ஆகும் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தன் வரியை நுழைக்கலாம்.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். முதல் வேலை பார்ப்பது, மாற்றுவதல்ல.

சூடோ ஃபைண்ட் /யூஎஸ்ஆர்/லோக்கல் /ஓப்ட் -எக்ஸ்டெவ் ! -யூசர் ரூட் -எல்எஸ்

ரூட்டுக்குச் சொந்தமில்லாத எல்லாவற்றையும் இது பட்டியல் போடும். -எக்ஸ்டெவ் இருப்பதால் வேறு டிஸ்க் அல்லது நெட்வொர்க் மவுண்ட் எதுவும் இடையில் இருந்தால் அதற்குள் போகாது. ஆளில்லாத எண்களை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ! -யூசர் ரூட் என்ற முழுப் பகுதியின் இடத்தில் -நோயூசர், குழுவுக்கு -நோகுரூப். பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது பிசகினால் முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல அது ஒன்றுதான் சாட்சி.

பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். ரூட்டுக்குச் சொந்தமில்லாதது எல்லாம் தவறு அல்ல. நிரல், லைப்ரரி, ஹெடர், ஐகான், ஆவணம், மேன் பக்கம் ஆகியவை ரூட்டுக்கு. ஓடும்போது நிரல் எழுத வேண்டிய இடங்கள், அதாவது தரவு, லாக், கேஷ் போன்றவை, எந்தப் பயனராக அது ஓடுகிறதோ அவருக்கு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை சோர்ஸிலிருந்து நிறுவியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்க்யூஎல் முழுவதும் ரூட்டுக்கு, அதற்குள் இருக்கும் டேட்டா டைரக்டரி மட்டும் போஸ்ட்கிரெஸ் என்ற பயனருக்கு. யாராவது சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் ரூட்டாக்கினால் டேட்டாபேஸ் எழுந்திருக்காது. டேட்டா டைரக்டரியின் ஓனர் சரியில்லை, ஓனர் யாரோ அவர்தான் சர்வரைத் தொடங்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். ரூட்டாகவே தொடங்கிவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் சம்மதிக்காது. மறுபக்கம், எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் பயனருக்கே எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் டேட்டாபேஸில் ஓர் ஓட்டை விழுந்தால் புகுந்தவர் நிரல் கோப்பையே மாற்றி வைத்துவிட்டுப் போகலாம். என்னைக் கேட்டால், தன் நிரலைத் தானே மாற்றும் அதிகாரம் எந்த சேவைக்கும் கொடுக்கக்கூடாது.

இன்னொன்று. பழைய டெபியன் கணினிகளில் /யூஎஸ்ஆர்/லோக்கல் டைரக்டரிகளின் குழு ஸ்டாஃப் என்று இருக்கும். அது அவர்கள் வேண்டுமென்றே வைத்தது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இப்போது மாற்றுவது. உங்கள் பெயரில் இருக்கும் ஷேர் கோப்புகளுக்கு:

சூடோ சோன் -ஆர்சி --ஃப்ரம்=1000 ரூட்:ரூட் /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்

ஆர் பெரிய எழுத்து, சி சின்ன எழுத்து. 1000 இடத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள், ஐடி -யூ என்று தட்டினால் சொல்லும். இந்த --ஃப்ரம் ஆப்ஷன் ஏன் இவ்வளவு பேருக்குத் தெரியாமல் கிடக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. இப்போதைய ஓனர் 1000 ஆக இருந்தால் மட்டுமே மாற்று, மற்றவற்றைத் தொடாதே என்பது அதன் பொருள். நடுவில் வேறொரு சேவையின் டைரக்டரி இருந்தாலும் அது தப்பித்துக்கொள்ளும். சி, எதை மாற்றியது என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லும். --ஃப்ரம்=1000:1000 என்று குழுவையும் சேர்த்துச் சொல்லலாம், ஆனால் அப்போது இரண்டும் பொருந்தினால்தான் மாறும். ஓனர் மட்டும் தவறி, குழு சரியாக இருக்கும் கோப்புகள் அப்படியே நின்றுவிடும், கட்டளை ஓடியும் ஒன்றும் ஆகவில்லையே என்று முழிக்க வேண்டியிருக்கும். /ஓப்ட் அடியிலும் இதே கட்டளைதான், எண் 1001.

ஃபைண்ட் வழியாக ஒவ்வொரு கோப்பாக சோனுக்கு அனுப்புபவராக இருந்தால் -எச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் சிம்பாலிக் லிங்க் வரும்போது லிங்க்கை விட்டுவிட்டு, அது சுட்டும் கோப்பின் ஓனர் மாறிவிடும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

மறுபடி மேக் இன்ஸ்டால் ஓட்டினால் சரியாகிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். இன்ஸ்டால் கட்டளையால் போகும் கோப்புகள் சரியாகும், அது பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்குகிறது. வெறும் சிபியால் போகும் கோப்புகள் ஆகாது, ஏற்கெனவே இருக்கும் கோப்புக்குள் புதிய உள்ளடக்கத்தை ஊற்றுகிறது, ஓனர் பழையவரே. முன்பே உருவான டைரக்டரிகளும் பழைய ஓனருடனே இருக்கும். சிபி -ஏ இருந்தால் சொல்லவே வேண்டாம், தவறை மறுபடியும் செய்து வைக்கும்.

மொத்தமாக ஒரு சோன் வேண்டாம் என்று முதலில் சொன்னேனே, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருவர் /யூஎஸ்ஆர்/லோக்கலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள நினைத்தார், ஒவ்வொரு முறையும் சூடோ போடுவது தொல்லையாம். தட்டும்போது /யூஎஸ்ஆர்/ என்பதற்கும் லோக்கல் என்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. சோன் அதை இரண்டு பாதைகளாக எடுத்துக்கொண்டது. லோக்கல் என்ற ஒன்று இல்லை என்று ஒரு வரி பிழை காட்டியதால், கட்டளை வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அதற்குள் /யூஎஸ்ஆர் முழுவதும் அவர் பெயருக்கு மாறியிருந்தது. திரும்பி வந்து சூடோ தட்டினால், சூடோ 0 என்ற எண்ணுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், செட்யூஐடி பிட்டும் (யார் ஓட்டினாலும் நிரலை அதன் ஓனரின் அதிகாரத்தில் ஓட வைக்கும் குறி) வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டது. சரிசெய்ய ரூட் வேண்டும், ரூட் ஆக சூடோ வேண்டும், சூடோவைச் சரிசெய்ய ரூட் வேண்டும்.

இன்னொரு டெர்மினலில் ரூட் ஷெல் திறந்து கிடந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் யூஎஸ்பியிலிருந்து பூட் செய்ய வேண்டும். அப்போதும் எல்லாவற்றையும் ரூட்டுக்கு மாற்றினால் பழையபடி ஆகிவிடாது. ஓனர் மாறும்போது கெர்னல் நிரல்களின் செட்யூஐடி, செட்ஜிஐடி பிட்டுகளை எடுத்துவிடுகிறது. லினக்ஸ் 2.2.13 முதல் ரூட் மாற்றினாலும் இதே கதிதான். கோப்போடு ஒட்டியிருக்கும் கேப்பபிலிட்டிகளும், அதாவது ரூட் அதிகாரத்தின் தனித்தனித் துண்டுகளும், போய்விடும். ஆக எஸ்யூ, சூடோ, பாஸ்வேர்ட் மாற்றும் நிரல் எல்லாமே பல்லில்லாமல் நிற்கும். ஃபெடோரா மாதிரி ஆர்பிஎம் வகைக் கணினிகளில் முதலில் ஆர்பிஎம் --செட்யூஜிஐடிஎஸ் -ஏ, அப்புறம் ஆர்பிஎம் --செட்பெர்ம்ஸ் -ஏ என்று ஓட்டி மீட்கலாம். வரிசை மாறக்கூடாது, காரணம் இப்போது சொன்னதுதான். டெபியன் பக்கம் அப்படியொரு வசதி இல்லை, பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுவ வேண்டும். அன்று இரவு பத்து மணி வரை அதைத்தான் செய்தோம்.

என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு முறை நானே கம்பைல் செய்து டார் பொதியாகக் கட்டி வைத்திருந்ததை, ரூட்டாக / என்ற உச்சி டைரக்டரியில் நின்றுகொண்டு அவிழ்த்தேன். எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. அடுத்த முறை பூட் செய்தபோது சில சேவைகள் எழவில்லை. சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் லாக்கில் பாதுகாப்பற்ற பாதை மாற்றம் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை, / எனக்குச் சொந்தம், /ரன் ரூட்டுக்குச் சொந்தம் என்று. எல்எஸ் -எல் / என்று பார்த்தால் எல்லாமே ரூட் பெயரில் ஒழுங்காக இருக்கின்றன. ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது, அது /-க்குள் இருப்பதைக் காட்டுகிறதே தவிர /-ஐக் காட்டவில்லை. -டி சேர்த்துப் பார்த்தால், உச்சி டைரக்டரியின் ஓனர் நான்! பொதியைப் புள்ளி என்று கொடுத்துக் கட்டியிருந்தேன், அதனால் முதல் பதிவே அந்தப் புள்ளி டைரக்டரி, ஓனர் 1000. ஏற்கெனவே இருக்கும் டைரக்டரிக்கும் பொதியில் உள்ள ஓனரையும் அனுமதியையும் பூசுவது டாரின் இயல்பு. சூடோ சோன் ரூட்:ரூட் / என்று, ஆர் இல்லாமல், ஒரே வரியில் சரியானது. அன்றிலிருந்து பொதி கட்டும்போது --ஓனர்=0 --குரூப்=0, அவிழ்க்கும்போது --நோ-ஓவர்ரைட்-டிர், இரண்டும் என் விரல்களுக்குப் பழகிவிட்டன.

இதன் மறுபக்கமும் உங்களுக்கு ஒரு நாள் வரும்: சூடோ போட்டே கம்பைல் செய்தவர்களுக்கு ஹோம் டைரக்டரியில் ரூட் கோப்புகள் முளைக்கும். அப்புறம் மேக் கிளீன் தட்டினால் அனுமதி இல்லை என்று வரும். கம்பைல் வரைக்கும் ஒழுங்காகச் சாதாரணப் பயனராகச் செய்தாலும், நிறுவும் நேரத்தில் சீமேக் என்ற பில்ட் கருவி தன் இன்ஸ்டால் பட்டியலை பில்ட் டைரக்டரியில் ரூட் பெயரில் எழுதி வைக்கும், லிப்டூல் என்ற இன்னொரு கருவி சில லைப்ரரிகளை அங்கேயே மறுபடி லிங்க் செய்யும். சோர்ஸ் டைரக்டரிக்குள் நின்று சூடோ சோன் -ஆர் (பெரிய ஆர்) என்று போட்டு உங்கள் பெயர், ஒரு முக்காற்புள்ளி, கடைசியில் புள்ளி கொடுத்தால் போதும். முக்காற்புள்ளிக்குப் பின் ஒன்றும் எழுதாவிட்டால் உங்கள் முதன்மைக் குழுவைத் தானே எடுத்துக்கொள்ளும். சோர்ஸின் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் 2.35.2 பதிப்பிலிருந்து, அதாவது 2022 ஏப்ரலிலிருந்து, வேறொருவருக்குச் சொந்தமான ரெப்போவைத் தொட கிட் மறுக்கிறது. ஓனர்ஷிப் சந்தேகமாக இருக்கிறது என்று செய்தி வந்தால் அதன் வேரும் பெரும்பாலும் இதுதான். சேஃப் டைரக்டரி பட்டியலில் சேர்த்து வாயை அடைப்பதற்கு முன் ஓனரைப் பாருங்கள்.

டாக்கர் மாதிரி கன்டெய்னருக்குள் டார் அவிழ்க்கும்போது ஓனரை மாற்ற முடியவில்லை என்று நின்றால், பொதியில் இருக்கும் எண் அந்தக் கன்டெய்னருக்கு ஒதுக்கிய எண் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். அதற்கும் --நோ-சேம்-ஓனர் தான். நெட்வொர்க் வழியாக வரும் என்எஃப்எஸ் மவுண்டில் ரூட்டாக சோன் ஓட்டியும் அனுமதி இல்லை என்றால், சர்வர் பக்கம் ரூட்டை நோபடி என்ற அதிகாரமில்லாத பயனராக மாற்றும் அமைப்பு இருக்கும், அதை இந்தப் பக்கமிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

இனி வராமல் தடுக்க. ஒரே ஆள் பயன்படுத்தும் மென்பொருள் என்றால் கான்ஃபிகர் செய்யும்போது --ப்ரிஃபிக்ஸ் (நிறுவும் இடம்) ஆக ஹோம் டைரக்டரியில் .லோக்கல் கொடுத்துவிடுங்கள். ரூட்டே வேண்டாம், ஓனர் பிரச்சினையும் இல்லை. எல்லோருக்குமான மென்பொருள் என்றால் நேராக நிறுவாமல், சாதாரணப் பயனராகவே மேக் இன்ஸ்டாலுக்கு டெஸ்ட்டிர்=/டிஎம்பி/மேடை என்று கொடுங்கள், டெஸ்ட்டிர் முழுவதும் பெரிய எழுத்து. நிறுவ வேண்டிய மரம் முழுவதும் அந்தத் தற்காலிக இடத்தில் உருவாகும். என்னென்ன எங்கே போகப்போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, மேலே சொன்ன --ஓனர், --குரூப் ஆப்ஷன்களோடு டார் கட்டி / அடியில் அவிழ்க்கலாம். டெஸ்ட்டிரை மதிக்காத மேக்ஃபைல்களும் உண்டு, சாதாரணப் பயனராக ஓட்டுவதால் அவை அனுமதி இல்லை என்று அழுது காட்டிக்கொடுத்துவிடும். பேக்கேஜ் கட்டுபவர்களும் இதே தொல்லையில்தான் இருக்கிறார்கள். டெபியனின் லிண்டியன் என்ற சோதனைக் கருவி தவறான ஓனர் எண்ணைக் கண்டால் பிழை சொல்லும். சிறு கருவிகளுக்கான லினக்ஸைக் கட்ட உதவும் யோக்டோவில் பில்ட் செய்பவரின் எண் பேக்கேஜுக்குள் நுழைந்துவிட்டால், ஹோஸ்ட் பயனரால் மாசுபட்டது என்றே அந்தச் சோதனைக்குப் பெயர்.

உங்கள் முதல் மென்பொருளின் மேக்ஃபைலில் சிபி -ஏ என்று தேடிப் பாருங்கள், ஷேர் டைரக்டரிக்குப் போகும் வரியில் பெரும்பாலும் இருக்கும். அதோடு --நோ-ப்ரிசர்வ்=ஓனர்ஷிப் என்று சேர்த்தால் தீர்ந்தது. வெறும் சிபி -ஆர் போதுமென்றால் இன்னும் நல்லது, பெரிய ஆர். உங்கள் கணினியில் திருத்திக்கொண்ட கையோடு அதை எழுதியவருக்கும் பேட்ச்சாக அனுப்பிவிடுங்கள், ஒரு வரிதான்.